எனக்கென்னங்க பயம்

பயமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பி. கால் இப்படி ஆடறது எனக்குச் சின்ன வயசுல இருந்தே இருக்கற பழக்கம். இந்த ஏர்போர்ட்டுல அஞ்சு சீட்டை ஒரே கம்பியில கோத்து வெச்சிருக்காங்க, அதான் உங்க பாப்பா உக்காந்திருக்கற சீட்டும் ஆடுது. நிறுத்திக்கறேன். பயந்துக்கிட்டியா சாமி? ஒண்ணுமில்ல கண்ணு.

முதல் தடவைங்களா? குடும்பத்தோடவே போறீங்க. நல்லதுங்க. சீனா நல்ல நாடு. பயப்பட அங்க எதுவுமே இல்லை. நான் பதினோரு மாசம் இருந்தவன், அதனால சொல்றேன். கோலாலம்பூர் ஃப்ளைட் ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு போட்டுட்டான். அங்க இறங்கி அடுத்தது மாறி ஏற நேரம் பத்துமான்னு தெரியல. அதை நினைச்சாத்தான் கொஞ்சம்... சரி, விடுங்க.

என் பேரு குழந்தைவேல். கரூருங்க. பெட்ஷீட், தலையணை உறை எல்லாம் வெளிநாட்டுக்குப் போகுதில்ல, அதுல தையல் சரியா இருக்கா, நூல் நீட்டிக்கிட்டிருக்கா, சாயம் ஒட்டுதான்னு பாத்து பாஸ் பண்ற வேலை. பதினெட்டு வருசமா அதான். போன வருசத்துக்கு முந்தின வருசம் கம்பெனிக்காரங்க, "சீனாவுல ஒரு குடோன் இருக்கு, ரெண்டு வருசம் போய்ப் பாத்துட்டு வாங்க, குடும்பத்தையும் கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. ஷாங்காய்க்கு வடக்கால ரெண்டரை மணி நேரம். எம்பட வீட்டுக்காரி வளர்மதி, பொண்ணு தாரிகா. அப்ப அவளுக்கு ஏழு வயசு. மூணு பேரும் பிப்ரவரியில போய் இறங்கினோம்.

நான் ஏன் இதைச் சொல்றேன்னா, பொம்பளைங்களும் புள்ளைங்களும் அங்க ரொம்பப் பயந்துக்குவாங்க. நாமதான் தைரியம் சொல்லோணும். எங்க வீட்ல ரெண்டு பேரும் என்ன பயம் பயந்தாங்க தெரியுங்களா? வெளிய காட்டிக்கலை. ஆனா எனக்குத் தெரியும்.

போன மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகோணும். அது அங்க சட்டம், எந்த வீட்ல தங்கறோம்னு போய் எழுதி வைக்கோணும். உங்களுக்கும் இருக்கும். மூணு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கிட்டு அந்தப் போலீஸ்காரர் உள்ள போயிட்டார். போனவர் இருபது நிமிசம் வரலை. அவ்வளவுதான், முடிஞ்சுது கதைன்னு நினைச்சேன். வேர்த்து ஊத்துது, வெளிய ரெண்டு டிகிரி குளிரு. வளர்மதி என்னடான்னா அங்க இருந்த பொம்பளைப் போலீஸ்கிட்ட எங்க பாப்பாவோட போட்டோவைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டிருக்கா. பயம் முத்திப் போச்சுன்னா சில பேருக்குச் சிரிப்பு வரும், பாத்திருக்கீங்களா? அதுதான்.

அப்புறம் அந்தப் போட்டோ விஷயம். உங்க பாப்பா நல்ல பெரிய கண்ணு, விடமாட்டாங்க, சொல்லி வெச்சுடறேன். பஸ்ல, கடையில, லிஃப்ட்ல, எங்க பாத்தாலும் யாராவது தாரிகா கன்னத்தைத் தொடுவாங்க, போனை நீட்டுவாங்க. ஒரு நாள் பஸ்ல ஒரு பொம்பளை, யாரு எவருன்னே தெரியாது, பாப்பாவைப் புடிச்சு இழுத்தா. நான் பாப்பாவோட இன்னொரு கையைப் புடிச்சுக்கிட்டேன். அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடைசியில பாத்தா, பாப்பாவோட சட்டை மேல ஏறி முதுகு தெரிஞ்சுதாம், குளிரு பட்டுடும்னு ஸ்வெட்டரை இழுத்து விட்டாளாம். வளர்மதி அப்படித்தான் சொன்னா. யாருக்குத் தெரியும்?

காய்கறிக்காரன் ஒருத்தன். நான் முட்டைக்கோசை எடுத்து எவ்வளவுன்னு சைகையில கேட்டேன். அவன் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டி, துப்பாக்கி மாதிரி, என்னைப் பாத்து வெச்சான். சிரிக்கவே இல்லை. நான் கோசை வெச்சுட்டு வந்துட்டேன். அங்க அப்படிக் காட்டினா எட்டுன்னு அர்த்தமாம். இதுவும் வளர்மதி சொன்னதுதான். அவ எப்படியோ பேசப் பழகிட்டா தம்பி. மார்க்கெட்டுக்குப் போறது, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டறது, பக்கத்து வீட்டுப் பொம்பளைகிட்ட மாவுக் கொழுக்கட்டை செய்யக் கத்துக்கறதுன்னு ஆறே மாசத்துல எங்கயோ போயிட்டா. நான் கதவுக்குப் பின்னால நாற்காலியைப் போட்டு வெச்சுட்டு உக்காந்திருப்பேன். வெளிய போனவங்க வர்ற வரைக்கும் யாராவது ஒருத்தர் வீட்ல காவல் இருக்கோணுமில்ல?

பாப்பாவை அங்கயே சாதாரண பள்ளிக்கூடத்துல போட்டோம். முதல் மாசம் அழுதா. மூணாவது மாசம் தூக்கத்துல சீன பாஷை பேசினா. எனக்கு அது பயமா... பயம்னு இல்லை, ஒரு மாதிரி இருந்துச்சு. எம் பொண்ணு என்ன கனவு காணறாள்னு எனக்குப் புரியலை பாருங்க.

இப்பச் சொல்லப் போறதை உங்க வீட்டம்மா கேக்க வேண்டாம். பாப்பாவோட அந்தப் பக்கம் கடையைப் பாக்கட்டும். ஆங்.

செப்டம்பர் மாசம். காலையில பத்து மணி. குடோன்ல டேபிள் மேல ஒரு பெட்ஷீட்டை விரிச்சு, ஓரத்துல நூல் வெட்டிக்கிட்டிருந்தேன். எங்கூட கூன்னு ஒருத்தர், அம்பது வயசு இருக்கும், அந்தக் குடோனுக்கு அவர்தான் பொறுப்பு. நல்ல மனுசன். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. அவர் போன்ல பேசுவார், போன் அதை இங்கிலீஷாக்கிச் சொல்லும்.

முதல்ல ஏதோ மெஷின் ஓடுதுன்னு நினைச்சேன். அடிவயித்துல இருந்து கிளம்பற மாதிரி ஒரு சத்தம். மெல்ல ஏறுது, ஏறிக்கிட்டே போகுது, அப்புறம் இறங்குது. மறுபடி ஏறுது. ஒரு இடத்துல இருந்து வரலீங்க. நாலு திசையிலயும் இருந்து வருது. ஊரே ஊளை விடுது. ஜன்னல் கண்ணாடி அதிருது. சண்டைக்கான சைரன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

சுத்திப் பாக்கறேன். இருபது பேர் துணி மடிச்சுக்கிட்டிருக்காங்க. யாரும் நிறுத்தலை. ஒரு பொம்பளை கொட்டாவி விடுறா. எனக்கு அதுதான் இன்னும் உதறலா இருந்துச்சு. ஓடக் கூடாதுன்னு இவங்களுக்கு உத்தரவு போட்டிருக்காங்க போலன்னு நினைச்சேன். கூ என் மூஞ்சியைப் பாத்துட்டுக் கிட்ட வந்தார். போன்ல ஏதோ பேசினார். போன் கணீர்னு இங்கிலீஷ்ல சொல்லுது: "பயப்படாதே. வானத்திலிருந்து தாக்குதல். இன்று பழக்கம்."

நீங்களே சொல்லுங்க தம்பி. வானத்திலிருந்து தாக்குதல்னு ஒரு போன் சொன்னா நீங்க நிப்பீங்களா?

நான் ஓடினேன். கூ பின்னாலயே கத்திக்கிட்டு வந்தார், கொஞ்ச தூரத்துல நின்னுட்டார். பள்ளிக்கூடம் மூணு கிலோமீட்டர். டாக்சி கூப்பிட போன்ல அடிக்கோணும், அதுக்கு எங்க நேரம்? ஓட்டந்தான். ரோட்டுல எல்லாரும் அவங்க பாட்டுக்குப் போறாங்க. ஒருத்தன் சோளம் விக்கறான். நான் மட்டும் வானத்தைப் பாத்துக்கிட்டு ஓடறேன். பாதியில சைரன் நின்னுடுச்சு. அது இன்னும் மோசம். இப்ப விழும், இப்ப விழும்னு கழுத்தைச் சுருக்கிக்கிட்டே ஓடறேன். விழலை. மறுபடி சைரன் ஆரம்பிச்சுது.

பள்ளிக்கூட கேட்டு பெரிய இரும்பு கேட்டு. பூட்டியிருந்துச்சு. கம்பி வழியா உள்ள பாத்தேன். அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். நூறு, இருநூறு புள்ளைங்க, கட்டடத்துல இருந்து வரிசை வரிசையா வெளிய வருது. எல்லாம் முதுகை வளைச்சுக் குனிஞ்சிருக்கு. எல்லாப் புள்ளையும் ஈரத்துணியால மூக்கையும் வாயையும் பொத்தியிருக்கு. ஒரு சத்தமில்லை. விஷப் புகைன்னு நினைச்சேன். ஏற்கெனவே போட்டுட்டான், நாம லேட்டுன்னு நினைச்சேன்.

கேட்டைப் புடிச்சு ஆட்டினேன். தாரிகா, தாரிகான்னு கத்தினேன். உள்ள இருந்து மூணு காவல்காரங்க ஓடி வந்தாங்க. தலையில ஹெல்மெட்டு, ஒருத்தன் கையில கேடயம், இன்னொருத்தன் கையில நீளக் கம்பு, அதோட நுனியில கவட்டை மாதிரி வளைஞ்ச இரும்பு. சின்னக் கதவைத் திறந்துக்கிட்டு வந்து அந்தக் கவட்டையை என் நெஞ்சுல வெச்சு அப்படியே சுவத்தோட அழுத்திட்டாங்க தம்பி. மாட்டைப் புடிக்கற மாதிரி. மூச்சு விட முடியலை. ஒரு தகப்பன் புள்ளையைக் கூப்பிட வந்தா இப்படியா பண்றது?

என் கையில கத்தரி இருந்துச்சு, அது வாஸ்தவம். நூல் வெட்டற கத்தரி. விரல் நீளந்தான் இருக்கும். கையில இருக்கறதே எனக்குத் தெரியாது. குடோன்ல இருந்து அதைப் புடிச்சபடியே மூணு கிலோமீட்டரும் ஓடி வந்திருக்கேன். அதைப் பாத்துட்டுத்தான் அவ்வளவு ஆர்ப்பாட்டமும். விரல் நீளக் கத்தரிக்கு.

சுவத்துல ஒட்டி நிக்கறேன். கம்பி வழியா எல்லாப் புள்ளைங்களும் என்னைப் பாக்குது. அந்த வரிசையில இருந்து ஒண்ணு மட்டும் துணியைக் கீழ போட்டுட்டு வெளிய வருது. எம் பொண்ணு. டீச்சர் கையைப் புடிச்சாங்க, உதறிட்டு வந்தா. கேட்டுக்கிட்ட நின்னு அந்தக் காவல்காரன்கிட்ட ஏதோ சொன்னா. சத்தமே போடலை. நாலு வார்த்தையோ அஞ்சு வார்த்தையோ இருக்கும். அந்த ஆள் அவளைப் பாத்தான், என்னைப் பாத்தான். கவட்டையைக் கொஞ்சம் தளர்த்தினான். நான் அங்கயே உக்காந்துட்டேன். பாப்பா கம்பிக்குள்ள கையை விட்டு, "ப்பா, கையில இருக்கறதைக் கீழ போடுங்க"ன்னா. போட்டேன்.

பயிற்சிங்க. வருசா வருசம் அந்த ஊர்ல ஒரு நாள் சைரன் அடிச்சுப் பாப்பாங்களாம், சரியா வேலை செய்யுதான்னு. பள்ளிக்கூடத்துல அன்னைக்குப் புள்ளைங்களுக்கு எப்படி வெளிய வரோணும்னு பழக்குவாங்களாம். முந்தின நாளே எல்லார் போனுக்கும் மெசேஜ் வந்திருக்கு. என் போனுக்கும் வந்துச்சு. முழுக்கச் சீன எழுத்து, அரசாங்க நம்பர் மாதிரி இருந்துச்சு. திறந்தா ஏதாவது வம்பு வருமோன்னு அழிச்சுட்டேன். காலையில வளர்மதியும் ஏதோ சொன்னா. நான் அப்ப வாசல் பூட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

போலீஸ் வந்து கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு மணி நேரம். அடிக்கலை, திட்டலை. சுடுதண்ணி கொடுத்தாங்க. நான் குடிக்கலை. வளர்மதி ஸ்கூட்டர்ல வந்தா, கூவும் வந்தார். அவ அவங்ககிட்டப் பேசறா, பேசறா, எனக்கு ஒரு வார்த்தை புரியலை. எல்லாரும் திரும்பித் திரும்பி என்னைப் பாக்கறாங்க. கடைசியில ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கிட்டு விட்டுட்டாங்க. இனிமே புள்ளையைக் கூப்பிட அம்மா மட்டும் வந்தாப் போதும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அந்தக் காவல்காரன்கிட்டப் பாப்பா என்ன சொன்னாளாம்?"

வளர்மதி அடுப்பைப் பாத்துக்கிட்டே சொன்னா, "இவர் எங்க அப்பா. கெட்டவர் இல்லை. பயந்துக்கிட்டார். குத்தாதீங்கன்னு சொன்னாளாம் மாமா."

பாருங்க. பயந்துக்கிட்டாராம். புள்ளைக்கு அந்த பாஷையில வேற வார்த்தை தெரியலை. ஏழு வயசு, என்ன தெரியும்?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இதுக்கு மேல இந்தப் பயத்துல இதுங்களை வெச்சிருக்கக் கூடாது. மூணு மாசத்துல வேலையை எழுதிக் கொடுத்துட்டு, டிசம்பர்ல கரூர் வந்து சேந்தோம். கூ ரயில் ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். அவர் சம்சாரமும் வந்து வளர்மதியைக் கட்டிப் புடிச்சு அழுதா. தாரிகா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசலை. நிம்மதியில வாயடைச்சுப் போச்சு. கரூர் பள்ளிக்கூடத்துலயும் ஆறு மாசம் யார்கூடயும் ஒட்டலை. பழைய பயம் போக நாளாகுமில்லீங்களா?

இந்த வருசம் ஜூன்ல கூகிட்ட இருந்து வளர்மதிக்கு போன். அவர் சொந்தமா வியாபாரம் ஆரம்பிச்சிருக்காராம். கரூர், ஈரோடு சரக்கெல்லாம் எடுக்கறாராம். ரெண்டு பக்கமும் பேசத் தெரிஞ்ச ஆள் வேணும்னு கேட்டார். அவ பி.காம். படிச்சவ, கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வருசம் வேலைக்குப் போனவ. அவ பேர்லயே விசா எடுக்கலாம்னு சொல்லிட்டார்.

நான் ஒரு வாரம் பேசலை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டிருக்கறப்ப எதுத்தாப்புல வந்து உக்காந்தா.

"ஏனுங் மாமா, ஒண்ணு கேக்கறேன். நேரா பதில் சொல்லுங்க. உங்களுக்கு அந்த ஊர் பயமா இருக்குதா?"

"எனக்கென்ன பயம்?"

"இருந்தாச் சொல்லுங்க. தப்பே இல்லை. எனக்கும் முதல் ரெண்டு மாசம் பயமாத்தான் இருந்துச்சு. பயமா இருக்கு, போகாதன்னு ஒரு தடவை சொல்லுங்க. நான் போகலை. சத்தியமாப் போகலை."

நான் ரசத்தை ஊத்திப் பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தா தம்பி. ரசம் ஆறிப் போச்சு.

"எனக்கென்ன பயம், உங்களுக்குத்தான்"னேன்.

எந்திரிச்சுப் போயிட்டா. ஆகஸ்ட்ல ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. நான் இங்க வீட்டைப் பாத்துக்கறேன்னு இருந்துட்டேன். மூணு மாசம். வீட்ல யாருமில்லாம எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. ஆனா வேற நாட்டுல ஒரு பொம்பளையும் ஒரு பொம்பளைப் புள்ளையும் தனியா எப்படி இருக்கும்? துணை வேணுமில்ல? அதான் அவளோட விசாவுல என் பேரையும் சேத்து, இதோ கிளம்பிட்டேன். சம்சாரத்துக்குத் துணையாப் போறவர்னு போட்டிருக்கு. வேலை செய்யக் கூடாதாம். பரவாயில்லை, வாசலைப் பாத்துக்கறேன்.

உங்க வீட்டம்மா வர்றாங்க போல. முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்குது? தைரியம் சொல்லுங்க தம்பி. பயப்பட ஒண்ணுமில்லைன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.

என்னங்க, போர்டிங்குக்கா கூப்பிடறாங்க? இல்லையா? சரி.

இதைக் கேளுங்க, காலையில தாரிகா போன்ல பேசி அனுப்பினது. இப்ப ஒன்பது வயசு அவளுக்கு. சத்தமா வைக்கறேன்.

"ப்பா, ஃப்ளைட்ல இருந்து இறங்கினதும் எல்லாரும் போற பக்கமே நடங்க. ஆபீசர் ஏதாவது கேட்டா அம்மா எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டுங்க, பேச வேண்டாம். வெளிய வர்ற எடத்துல கம்பி இருக்கும். நான் அந்தக் கம்பிக்கிட்டயே நிப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நிப்பேன். பயப்படாதீங்கப்பா."

கேட்டீங்களா? எவ்வளவு பயம் இருந்தா ஒரு புள்ளை இப்படிப் பேசும்? பாவம். காலையில இருந்து பதினஞ்சு தடவை கேட்டுட்டேன்.

இன்னொரு தடவை போடட்டுங்களா?